சிங்கத்தோல் இல்லாத ஹெராக்ளிஸ் போலியா?

கேள்வி: ஏதென்ஸில் வேலை பார்க்கும் என் தம்பியிடம் ஒரு தரகர் பழைய கிரேக்கச் சாடி ஒன்றைக் காட்டியிருக்கிறார். தாடி வைத்த ஒருவர் சிங்கத்தின் கழுத்தை நெரிப்பது போல் கருப்பில் வரைந்த படம். ‘இது கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ்’ என்கிறாராம். சிங்கத்தோல் போர்த்தியிருப்பவர்தான் ஹெராக்ளிஸ் என்று படித்திருக்கிறேன். இதில் தோலே இல்லை. சாடி போலியா? 2,500 ஆண்டுப் பழமை என்று சான்றிதழும் தருகிறார். விலை 1,800 யூரோ. வாங்கலாமா?

பதில்: தோல் இல்லாததுதான் சரி. கிரீஸில் நெமியா என்ற இடத்தில் திரிந்த அந்தச் சிங்கத்தைக் கொன்ற பிறகுதானே அதன் தோலை உரித்து ஹெராக்ளிஸ் போர்த்திக்கொண்டான்? கொல்லும்போது தோல் எங்கிருந்து வரும்? கிரேக்கச் சாடி ஓவியர்கள் ஆளை முகத்தை வைத்து அடையாளம் காட்டுவது அரிது. கையில் இருப்பதையும் உடம்பில் இருப்பதையும் வைத்தே காட்டுவார்கள். திரிசூலம் என்றால் கடல் கடவுள் பொசைடன், சிறகு வைத்த காலணி என்றால் தூதுக் கடவுள் ஹெர்மிஸ், தலைக்கவசமும் பாம்பு விளிம்பு வைத்த மார்புக் கவசமும் என்றால் பெண் தெய்வம் அதீனா. ஹெராக்ளிஸுக்குச் சிங்கத்தோலும் கதாயுதமும். இந்தச் சிங்கப் போர் மட்டும் விலக்கு. எந்த ஆயுதமும் அந்தத் தோலைத் துளைக்காது என்பதால் அவன் வெறும் கையால் மல்லுக்கட்டுகிறான். கழற்றிய மேலாடையும் அம்பறாத்தூணியும் பின்னால் தொங்கும். ஒரு பக்கம் அதீனா, மறுபக்கம் சகோதரனின் மகன் இயோலாஸ் நிற்பார்கள். இத்தாலியில் பிரெஷியா நகர அருங்காட்சியகத்தில் சியாக்ஸ் வரைந்த சாடி ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய கி.மு. 520-ஐச் சேர்ந்த அதில் இந்த மூவரையும் பார்க்கலாம்.

ஒருவேளை கதையின் வரிசை பிசகியிருந்தாலும் அதை வைத்துப் போலி என்று முடிவு கட்டக் கூடாது. எலியூசிஸில் கிடைத்த, கி.மு. 650 வாக்கைச் சேர்ந்த பெரிய சாடியில் கிரேக்கக் கதை வீரன் ஒடிசியஸும் தோழர்களும் ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸின் கண்ணில் கழியைச் செருகுகிறார்கள். அவன் கையில் மதுக் கிண்ணம் அப்படியே இருக்கிறது. கதைப்படி குடித்தது முன்னால், மயங்கித் தூங்கியது அடுத்து, குத்துப்பட்டது அதற்கும் பிறகு. எப்படி ஏமாந்தான், என்ன ஆனான் என்ற இரண்டையும் ஓவியர் ஒரே படத்தில் சொல்லிவிட்டார்.

ஆனால் படம் சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம் போலி செய்பவருக்கும் தெரியும். அருங்காட்சியகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அச்சு அசலாக வரைபவர்கள் இருக்கிறார்கள். உண்மையான பழைய உடைசல்களை ஒட்டி, விடுபட்ட இடத்தில் புதிதாக ஓவியம் தீட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். மண் எப்போது சுடப்பட்டது என்று ஆய்வகத்தில் சோதிக்கலாம்தான். ஆனால் சோதனைக்குப் போனது இந்தச் சாடியின் மண்தானா என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லாது. விற்பவரே நீட்டும் காகிதத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

தரகரிடம் உங்கள் தம்பி கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது எந்த மண்ணிலிருந்து, எப்போது, யார் அனுமதியோடு எடுக்கப்பட்டது? ‘சுவிட்சர்லாந்தில் ஒரு பழைய குடும்பத்தின் சேகரிப்பு’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடட்டும். பெரிய அருங்காட்சியகங்களே இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுத் தலையாட்டியவைதான். ட்ராய் போரில் இறந்த வீரன் ஸார்பிடனின் உடலை உறக்கம், மரணம் என்ற இரு தெய்வங்கள் தூக்கிச் செல்வதை யூஃப்ரோனியோஸ் வரைந்த புகழ்பெற்ற சாடியை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1972-இல் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. லெபனானில் ஒருவரிடம் இருந்தது என்று அப்போது சொல்லப்பட்டது. உண்மையில் அது இத்தாலியில் செர்வெத்தேரி அருகே கல்லறையைக் கொள்ளையடித்து எடுத்தது. இத்தாலிக்குத் திரும்பியது 2008-இல். ஊரறிந்த ஒரு சாடிக்கே நீதி கிடைக்க முப்பத்தாறு ஆண்டுகள்! கொள்ளையர் தோண்டிய கல்லறையில் சாடியோடு வேறு என்ன இருந்தது, யார் புதைக்கப்பட்டிருந்தார் என்பது இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஆக, சாடி போலி என்றால் 1,800 யூரோ போச்சு. அசல் என்றால் நிலைமை இன்னும் மோசம். கிரேக்கச் சட்டப்படி 1453-க்கு முந்தைய தொல்பொருள் அங்கே கிடைத்தால் அது அரசின் சொத்து. அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதும் நாட்டைவிட்டு எடுத்துச் செல்வதும் குற்றம். விமான நிலையத்தில் பிடிபட்டால் தரகர் வந்து நிற்க மாட்டார். உங்கள் தம்பிதான் நிற்பார். வாங்க வேண்டாம், முன்பணமும் கொடுக்க வேண்டாம்.

ஹெராக்ளிஸ் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தால் அருங்காட்சியகக் கடையில் நகல் வாங்கச் சொல்லுங்கள். அடியில் நகல் என்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, ரசீதைச் சாடிக்குள் போட்டு மூட்டை கட்டாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.