நீலம் வாங்கப் போகிறவருக்கு

வணக்கம் ஐயா,

பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். வேலை இல்லாத நேரத்தில் வாட்டர் கலரில் பறவைகள் வரைவேன். தோட்டத்துக் கால்வாய் ஓரம் மின்கம்பியில் தினமும் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். பழுப்புத் தலை, வெள்ளை மார்பு, சிவப்பு அலகு, நீல முதுகு. அதை ஒவ்வொரு இறகாக மெல்லிய பிரஷால் வரைந்தேன். எல்லாம் வந்தது, நீலம் மட்டும் வரவில்லை. செத்துப்போன நீலமாக இருக்கிறது. வெள்ளை கலந்தால் இன்னும் மோசம். கோலாலம்பூரில் ஒரு கடையில் நல்ல நீலம் ஒரு ட்யூப் பார்த்தேன், என் ஒரு நாள் சம்பளத்துக்கு மேல். வாங்கலாமா? இங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கூட்டாளிகள் வேறு, "போனில் ஒரு படம் எடுத்தால் முடிந்தது, எதற்கு இந்தப் பாடு" என்கிறார்கள். படத்தை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள தம்பி,

வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படிப்பதற்குள் கடைக்குப் போய்விடுவீர்களோ என்றுதான் முதலிலேயே சொல்கிறேன்.

உங்கள் பெட்டியில் அல்ட்ராமரின், தாலோ என்ற இரண்டு நீலங்களும் இருக்கின்றன, படத்திலேயே தெரிகிறது. இந்தப் பறவைக்கு அவை போதும். உங்களிடம் இல்லாதது நல்ல பழுப்பு. தலைக்கும் வயிற்றுக்கும் ஏதோ ஒரு பழுப்பை ட்யூபிலிருந்து எடுத்து அப்படியே நிரப்பிவிட்டு, உழைப்பை எல்லாம் முதுகில் கொட்டியிருக்கிறீர்கள். நீலம் செத்ததற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

வெண்மார்பு மீன்கொத்தியின் இறகில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையாது. தலையின் பழுப்புக்கு மெலனின் என்ற நிறமி இருக்கிறது. நீலம் வேறு வகை. இறகின் இழைகளுக்குள் கெரட்டின், அதாவது நம் நகம் எதனால் ஆனதோ அந்த வகைப் பொருள், மிக நுண்ணிய துளைகளோடு ஸ்பாஞ்சு மாதிரி அமைந்திருக்கிறது. வெளிச்சம் அதில் பட்டால் நீலப் பகுதி மட்டும் வலுவாகத் திரும்பி வரும். மிச்சத்தை அடியில் இருக்கும் கருமையான மெலனின் விழுங்கிவிடும். கால்வாய் ஓரம் நீல இறகு ஒன்று உதிர்ந்து கிடந்தால் எடுத்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததும் நீலம் போய், மங்கலான பழுப்புதான் மிஞ்சும்.

அப்படியென்றால் பறவையே தன் நீலத்தைக் கருமையை வைத்துத்தான் எழுப்புகிறது. வெளியிலும் அதே வேலைதான். அடுத்த முறை அது உட்கார்ந்திருக்கும்போது தோளை மட்டும் பாருங்கள். மேலே பழுப்பு, அதை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டை, அதற்குப் பிறகுதான் நீலம். உங்கள் படத்தில் அந்தக் கறுப்பு இல்லவே இல்லை. பழுப்பு முடிந்த இடத்தில் நீலம் தொடங்கிவிடுகிறது. இந்தப் பறவையை வரைகிற பலரும் அதை விட்டுவிடுகிறார்கள், அழகான பறவையில் கறுப்பு எதற்கு என்று நினைப்பார்களோ என்னவோ. அந்தப் பட்டையை மட்டும் இப்போதே உங்கள் படத்தில் போட்டுப் பாருங்கள். நீலத்தைத் தொடவே வேண்டாம், அது தானாக ஒரு படி மேலே வரும்.

கறுப்பு ட்யூபைத் திறக்காதீர்கள். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு மண் நிறத்தையும் அல்ட்ராமரினையும் கெட்டியாகக் கலந்தால் கிட்டத்தட்ட கறுப்பே கிடைக்கும், அதுவும் உயிருள்ள கறுப்பு. சியன்னா கூடினால் தலையின் சாக்லேட் பழுப்பு. அல்ட்ராமரின் கூடினால் வயிற்றின் நிழல். பழுப்புக்குள் ஏற்கனவே நீலம் இருப்பதால் தலையும் முதுகும் ஒரே பறவையாகச் சேரும். இப்போது உங்கள் படத்தில் அவை இரண்டு பறவைகள். செலவு செய்தே ஆகவேண்டும் என்றால் பர்ன்ட் சியன்னாவில் நல்ல ட்யூப் ஒன்று வாங்குங்கள். மண் நிறங்கள் பெரும்பாலும் விலைப் பட்டியலின் மலிவான வரிசையில்தான் இருக்கும். மிச்சக் காசுக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் காகிதம். நம் ஊர் ஈரத்துக்கு மெல்லிய காகிதம் நெளிந்துவிடுகிறது, வாட்டர் கலரில் பாதித் தொல்லை அதனால்தான்.

இனி வெள்ளை. நீலத்தில் வெள்ளை கலந்தால் நிறம் சுவர்ப் பூச்சு மாதிரி ஆகிவிடும். உங்களுக்கு வேண்டிய வெளிச்சம் காகிதத்திலேயே இருக்கிறது. தாலோ நீலத்தைத் தண்ணீராகக் கரைத்து வெள்ளைக் காகிதத்தின் மேல் ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்ததும் இன்னொன்று. நிழல் பக்கம் போகப் போக அல்ட்ராமரின். மிகப் பளீரென்ற இடம் முதுகின் கீழ்ப்பகுதியிலும் சிறகின் ஓரத்திலும் கொஞ்சம் இருந்தால் போதும். முதுகு முழுவதும் பளீரென்று இருந்தால் எதுவுமே பளீரென்று தெரியாது.

ஒரு சோதனை சொல்கிறேன். படத்தைப் போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நீல முதுகும் வெள்ளை மார்பும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நீலம் அதிகமாக வெளுத்திருக்கிறது என்று அர்த்தம். உங்கள் படத்தை நான் மாற்றிப் பார்த்தேன். முதுகு எங்கே, மார்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அந்த மார்புகூட முழு வெள்ளை இல்லை. வானம் பார்த்த பக்கம் லேசான நீலம், கீழே புல்லின் பச்சை. நடுப்பகலில் அந்தப் பச்சை நன்றாகவே தெரியும்.

இறகுகளுக்கு வருகிறேன். தலையில் நீங்கள் போட்டிருக்கும் நூற்றுக்கணக்கான கோடுகள் கம்பியில் உட்கார்ந்த பறவையிடமிருந்து வந்தவை இல்லை. கால்வாய்க்கு இக்கரையிலிருந்து அவை கண்ணுக்குத் தெரியாது. யாரோ பெரிய லென்ஸால் எடுத்த புகைப்படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்றில்லை, இரண்டு: தலைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்தும் முதுகுக்கு வலப்பக்கமிருந்தும் வருகிறதே! புகைப்படம் பார்ப்பது குற்றமில்லை, நானும் பார்ப்பேன். ஆனால் வெளிச்சம் எங்கிருந்து என்பதைக் கால்வாய் ஓரத்தில் முடிவு செய்துவிட்டு வந்து பாருங்கள்.

தலையில் கோடுகள் வேண்டாம். பழுப்பு வெள்ளையைத் தொடும் விளிம்பில் மட்டும் நாலைந்து இழை போதும். சிறகில் மட்டும் பொறுமையைக் காட்டுங்கள். அங்கே இறகுகளுக்கு வரிசை உண்டு: தோள் இறகுகள், அடுக்கடுக்கான மூடும் இறகுகள், அதற்கடியில் நீண்ட பறப்பிறகுகள். அந்த வரிசை தப்பினால் எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் சிறகு மடங்காது. மீன்கொத்தி பறக்கும்போது சிறகில் தெரிகிற வெள்ளைத் திட்டை நீங்கள் உட்கார்ந்த பறவைக்கும் போட்டிருக்கிறீர்கள். சிறகை மடக்கியதும் அது அநேகமாக மறைந்துவிடும். காலும் காக்கைக் கால் ஆகிவிட்டது. மீன்கொத்திக்கு முன்விரல்களில் இரண்டு பெரும்பகுதி ஒட்டியே இருக்கும். அலகு நன்றாக வந்திருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். 1800களின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த ஃபார்குவார் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, சீன ஓவியர்களை வைத்து இந்தப் பக்கத்துச் செடிகொடிகளையும் விலங்குகளையும் பறவைகளையும் வரையச் செய்தார். 477 ஓவியங்கள் இருக்கின்றன, இப்போது சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில். வரைந்தவர்களின் பெயர் தெரியாது. இணையத்தில் தேடினால் பல படங்கள் கிடைக்கும். சில பறவைகள் விறைப்பாக நிற்பதாக எனக்குப் படும். ஆனால் நிறத்தை அடுத்த நிறத்தோடு அவர்கள் சேர்த்திருக்கும் விதத்தைப் பாருங்கள், உங்களுக்கு வேண்டிய பாடம் அது. வகுப்பு தேடிக் கோலாலம்பூர் போவதைவிட உங்களுக்குக் கோலசிலாங்கூர் பக்கம். அங்குள்ள இயற்கைப் பூங்காவில் கறுப்பு அலகோடு நீலமும் வெள்ளையுமாக வேறொரு மீன்கொத்தியையும் பார்க்கலாம். பழுப்பே இல்லாத அந்தப் பறவையின் நீலம் எப்படி வேறாகத் தெரிகிறது என்று பக்கத்தில் குறித்துவையுங்கள்.

கூட்டாளிகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். தோளில் அந்தக் கறுப்புப் பட்டை இருப்பதை அவர்களில் யாராவது போன் படத்தில் கவனித்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.

திருத்திய படத்தை அனுப்பும்போது ஃபில்டர் எதுவும் போடாமல், ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். போன்கள் நீலத்தைத் தாங்களாகவே கூட்டிக் காட்டும். எது நீங்கள் போட்ட நீலம், எது போன் போட்டது என்று தெரியாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.