மீனுக்கு முன்னே செடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இரண்டடித் தொட்டி வாங்கி, கல் பரப்பி, நாலைந்து செடி வைத்து, மறுநாளே பத்து கப்பியும் நாலு மோலியும் விட்டோம். ஆறாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, மூன்று செத்தும் போயின. தினமும் தண்ணீரை முழுசாக மாற்றி, ஃபில்டரையும் குழாயடியில் கழுவுகிறேன். இன்னும் என்ன செய்ய வேண்டும்? மகள் அழுதுகொண்டே இருக்கிறாள்.
- வாசகி, வேலூர்

பதில்: முதலில் அந்தக் கழுவலை நிறுத்துங்கள் அம்மா. உங்கள் மீன்களைக் காப்பாற்ற வேண்டியது எதுவோ அதைத்தான் தினமும் குழாயடியில் விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

நடப்பது இதுதான். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும், அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷமே. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அது ஓரளவுக்குத் தொல்லை தராது, செடிக்கு உரமும் கூட. இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் அதிகம் ஒட்டி வாழ்கின்றன, அவை பெருகி ஒரு நிலைக்கு வர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நீங்கள் மறுநாளே பதினாலு மீனை விட்டுவிட்டீர்கள். இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடித் தொட்டியில் கல்லும் மணலும் போக நிற்பது ஏறக்குறைய 45 லிட்டர்தான், அதாவது இரண்டு தண்ணீர் கேனைவிடக் கொஞ்சம் அதிகம். அதில் இத்தனை கழிவு சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். போர் தண்ணீராக இருந்து காரத்தன்மை கூடுதலாக இருந்தால் அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும்.

இப்போதைக்கு தினமும் கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு விட்டே ஊற்றுங்கள். ஏர் பம்ப் இரவு பகல் ஓடட்டும். தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு வாளியில் அலசிப் பிழியுங்கள், குழாய்த் தண்ணீர் அதன் மேல் படவே வேண்டாம். அப்புறம் முக்கியமாக, ஒரு பெரிய கொத்து வேலம்பாசி வாங்கி நன்றாக அலசி அப்படியே மிதக்க விடுங்கள். வேகமாக வளரும் செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும், பாக்டீரியா பெருகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நானும் முதல் தொட்டியில் ஒரே வாரத்தில் எட்டு மீனைப் பறிகொடுத்தேன், அந்த வருத்தம் தெரியும். அடுத்த தொட்டியில் செடியை மட்டும் வைத்துவிட்டு ஐந்து வாரம் மீனே விடவில்லை. மூன்றாவது வாரம் ஒரு மதியம் பார்த்தால் வாலிஸ்னேரியா இலை நெடுக ஊசிமுனை அளவில் காற்றுக் குமிழிகள், ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போய்க்கொண்டிருந்தன. செடி வெளிவிட்ட ஆக்ஸிஜன் அது. அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மகளுக்கு அதைக் காட்டுங்கள், மீன் இல்லாத தொட்டியும் வெறும் தொட்டி இல்லை என்று அவளே சொல்வாள்.

கேள்வி: செடிக்கென்று விற்கும் மண் மூட்டை விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டுத் தோட்டத்துச் செம்மண்ணைப் போடலாமா?
- வாசகர், புதுக்கோட்டை

பதில்: தாராளமாகப் போடலாம். செடித் தொட்டி பற்றிப் புத்தகம் எழுதிய அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் பரப்பிய முறையே அடியில் சாதாரண மண், மேலே மணல் என்பதுதான். செம்மண்ணில் இரும்புச் சத்து இருப்பது செடிக்கு நல்லதே. ஆனால் சாணமோ மண்புழு உரமோ பூச்சிமருந்தோ படாத மண்ணாக இருக்க வேண்டும், உரம் கலந்த மண் தண்ணீருக்குள் போனால் அம்மோனியா கொட்டும். சல்லடையில் சலித்து வேர், குச்சி எல்லாம் எடுத்துவிட்டு ஒரு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள், அதன்மேல் நன்கு கழுவிய ஆற்று மணல் ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம். தண்ணீர் ஊற்றும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதில் விழும்படி மெதுவாக ஊற்றினால் கலங்காது. வாரம் ஒருமுறை மெல்லிய குச்சியால் அங்கங்கே குத்திவிடுங்கள், உள்ளே அடைபட்ட வாயு வெளியேறும்.

அலங்காரக் கல் வாங்கினால் அதன்மேல் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். கிளிஞ்சலும் அப்படித்தான்.

கேள்வி: கிரிப்டோகோரைன் நட்டுப் பத்து நாளில் இலையெல்லாம் கூழாகிவிட்டது. பிடுங்கி எறிந்துவிடவா? அனுபியாஸும் அழுகுகிறது.
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கிரிப்டோவைப் பிடுங்காதீர்கள், தயவுசெய்து! இடம் மாறினால், தண்ணீர் மாறினால் இலையைக் கரைத்துவிடுவது அதன் சுபாவம். பண்ணையில் பெரும்பாலும் இலை தண்ணீருக்கு வெளியே இருக்கும்படிதான் வளர்க்கிறார்கள், அந்த இலை தண்ணீருக்குள் நிற்காது. கூழான இலைகளை மட்டும் கிள்ளி எடுங்கள். அடிப்பகுதியை விரலால் தொட்டுப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, சில வாரங்களில் சுருண்ட புது இலை ஒன்று மணலிலிருந்து எட்டிப் பார்க்கும். நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் ‘வென்டியை’ என்ற கிரிப்டோ வகை இலங்கை ஓடைகளின் செடி. வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் நிற்கும், அடிக்கடி இடம் மாற்றுவது மட்டும் ஆகாது.

அனுபியாஸ் கதை வேறு. அதன் தடித்த தண்டை மணலில் புதைத்திருப்பீர்கள், அதனால்தான் அழுகுகிறது. தண்டு வெளியே தெரிய வேண்டும். ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் கட்டிவிடுங்கள், வேர் தானே பற்றிக்கொள்ளும். ஜாவா ஃபெர்னுக்கும் இதே வைத்தியம்.

கேள்வி: கண்ணாடி, இலை எல்லாம் பச்சைப் பாசி. விளக்கு காலை 7 முதல் இரவு 10 வரை எரிகிறது. மருந்து ஏதாவது சொல்லுங்கள்.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: விளக்குதான் காரணம். ஆறிலிருந்து ஏழு மணி நேரம் போதும், ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள். ஜன்னல் வெயில் விழுந்தால் தொட்டியை நகர்த்துங்கள், தீனியைக் குறையுங்கள், வேகமாக வளரும் செடியைக் கூட்டுங்கள். மருந்து வேண்டாம், பாசியைக் கொல்வது பல நேரம் செடியையும் இறாலையும் சேர்த்தே கெடுக்கும்.

கேள்வி: மே மாதம் தொட்டித் தண்ணீர் 33 டிகிரி போகிறது. ஐஸ் போடலாமா?
- வாசகி, சென்னை

பதில்: வேண்டாம், திடீரென்று குளிர்ந்தால் மீன் தாங்காது. மூடியை எடுத்துவிட்டு ஒரு சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் வீசும்படி வையுங்கள், ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி குறையும். மீன் துள்ளும் ஜாதியாக இருந்தால் மேலே கொசுவலை கட்டுங்கள். குறைந்த தண்ணீரை ஊற்றி நிரப்புவதை வாராந்திர மாற்றலாகக் கணக்குப் பண்ணாதீர்கள், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும்.

கேள்வி: பாசி தின்னும் என்று கொடுத்த சக்கர் மீன் ஒரு அடி வளர்ந்து செடியெல்லாம் பிடுங்குகிறது. பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா?
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: கூடவே கூடாது. அது தென் அமெரிக்க மீன், இப்படி யாரோ விட்டதுதான் நம் ஏரிகளில் பெருகி, முள்ளும் கெட்டியான உடம்புமாக மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. விற்க முடியாத, தின்னவும் யாரும் கேட்காத அந்த மீனைப் பிரித்தெடுக்கவே அவர்களுக்குப் பாதி நாள் போகிறது. வாங்கிய கடையில் திருப்பிக் கேளுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாராவது வாங்கிக்கொள்வாரா என்றும் விசாரியுங்கள். வெட்டிய செடிகளையும் வாய்க்காலில் போடாமல் மொட்டை மாடி வெயிலில் சருகாகக் காயவைத்து ரோஜாத் தொட்டிக்குப் போடுங்கள்.