ரோத்தன்பர்க் போக பஸ் டூர் வேண்டாம்

கேள்வி: மகன் ஜெர்மனியில் நியூரம்பெர்க்கில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போகும்போது, கோட்டைச் சுவர் சூழ்ந்த பழைய ஊரான ரோத்தன்பர்க்கையும் பார்த்துவிட ஆசை. ரயிலில் போனால் திண்டாடுவீர்கள், பஸ் டூர்தான் வசதி என்கிறார் எங்கள் டிராவல்ஸ்காரர். கணவருக்கு முழங்கால் வலி வேறு.

பதில்: ரயிலிலேயே போங்கள். அன்ஸ்பாக், ஸ்டைனாக் இரண்டு இடத்தில் மாறவேண்டும். ஸ்டைனாக்கிலிருந்து குட்டி ரயிலில் கால் மணி நேரம்தான். டிராவல்ஸ்காரருக்குக் கமிஷன் பஸ்ஸில்தான் வரும், ரயிலில் வராது.

இனி டிக்கெட். “என்னிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கிறது” என்று மகன் சொல்வான். அது நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸில் போகும் மாதச் சீட்டு, அவன் ஒருவனுக்கு மட்டுமே. அதைக் காட்டி நீங்கள் ஏறினால் ஆளுக்கு 60 யூரோ அபராதம். உங்கள் இருவருக்கும் நியூரம்பெர்க் வட்டாரப் போக்குவரத்தின் ‘டாகஸ்டிக்கெட் ப்ளஸ்’ என்ற ஒருநாள் டிக்கெட் போதும். முழு வட்டாரத்துக்கும் செல்லுபடியாவதாகப் பார்த்து எடுங்கள். பெரியவர்கள் இருவர் ஒரே டிக்கெட்டில் போகலாம். எல்லோரும் சொல்லும் பயர்ன் டிக்கெட்டை (பவேரியா மாநிலம் முழுக்கச் செல்லும் ஒருநாள் டிக்கெட்) விட மலிவு. அதைப்போல வார நாளில் காலை 9 மணிவரை காத்திருக்கும் தொல்லையும் இதில் இல்லை.

சனிக்கிழமைக்கு எடுத்தால் அதே டிக்கெட் ஞாயிறும் செல்லும். திரும்பவும் சொல்கிறேன்: சனிக்கிழமைக்கு எடுத்தால்தான். வெள்ளிக்கிழமைக்கு எடுத்துவிட்டு மறுநாளும் ஓடும் என்று நினைக்காதீர்கள். சனி ரோத்தன்பர்க், ஞாயிறு அதே வட்டாரத்திலுள்ள பாம்பெர்க் என்று வைத்துக்கொண்டால் தனியாக டிக்கெட்டே வேண்டாம். இவ்வளவு நல்ல டிக்கெட்டை மெஷினில் நாலு திரைக்கு அடியில் ஒளித்துவைக்கும் புண்ணியவான்களை என்ன சொல்ல!

ஸ்டேஷனில் யாராவது “என் குரூப் டிக்கெட்டில் சேர்ந்துகொள்ளுங்கள், கொஞ்சம் கொடுத்தால் போதும்” என்று வந்தால் நகர்ந்துவிடுங்கள். பயர்ன் டிக்கெட்டில் பயணிகளின் பெயர் எழுதியிருக்க வேண்டும். மாட்டினால் அந்த ஆள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய்விடுவார். ஹோட்டல் போடுவதாக இருந்தால் ஊரின் முழுப் பெயரை, ‘ரோத்தன்பர்க் ஓப் டெர் டௌபர்’ என்று கடைசி வரை படியுங்கள். ஃபுல்டா ஆற்றங்கரையிலும் பிரேமன் பக்கமும் இதே பெயர் மாதிரி ஊர்கள் உண்டு.

முழங்கால் விஷயம். கோட்டைச் சுவர்மேல் நடக்கக் கட்டணம் இல்லை, ஆனால் ஏறும் படிகள் செங்குத்து. நகர மண்டபக் கோபுரமும் அப்படியே. இரண்டையும் மகனுக்கு விட்டுவிடுங்கள். 1945 மார்ச்சில் குண்டு விழுந்து ஊரின் கிழக்குப் பகுதி இடிந்தது. திரும்பக் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர் பதித்த கற்கள் சுவர் நெடுகத் தெரியும், ஜப்பானியப் பெயர்கள் உட்பட. கணவரைச் செயின்ட் யாகோப் தேவாலயத்துக்கு அழைத்துப் போங்கள். ரீமென்ஷ்நைடர் என்ற சிற்பி மரத்தில் செதுக்கிய, இயேசுவின் கடைசி இராவுணவுக் காட்சியில் நட்டநடுவே நிற்பது யூதாஸ், கையில் பணப்பையோடு. பக்கத்தில் போய், அவசரப்படாமல் பாருங்கள். கோட்டைத் தோட்டத்தில் பெஞ்சு உண்டு, கீழே டௌபர் பள்ளத்தாக்கு தெரியும். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய ஷ்னேபாலன் இனிப்பில் ஒன்று வாங்கினால் மூவருக்கும் போதும்.

ராத்திரிக் காவல்காரர் வேடத்தில் ஒருவர் ஊரைச் சுற்றிக் காட்டும் நடைக்கு நிற்பதென்றால், ஸ்டைனாக் போகும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று இறங்கியதுமே பார்த்துவிடுங்கள்.