மெரினா போதாதா?

கேள்வி: 2000-இல் செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலும் 2004-இல் உக்ரைன் தலைநகர் கீவிலும் மாணவர்கள் தெருவில் இறங்கி, களவு போன தேர்தலை மீட்டார்கள். இங்கே அப்படி நடந்தால் மெரினாவில் கூடினால் போதாதா?
– கல்லூரி மாணவர், ராயபுரம்

பதில்: போதாது தம்பி. கூட்டத்தைப் பார்த்தீர்கள், அதன் கையில் இருந்த காகிதத்தைப் பார்க்கவில்லை. பெல்கிரேடில் எதிர்க்கட்சிகள் வாக்குச்சாவடி வாரியாகக் கணக்கைச் சேர்த்துத் தாங்களே கூட்டிப் பார்த்திருந்தன. அதிபர் மிலோசெவிச் தரப்புக் கணக்கு அதன் முன்னால் பல்லிளித்தது. கீவில் பனியில் கூடாரம் போட்டவர்களில் மாணவர்கள் ஏராளம். ஆனால் நவம்பர் 21 வாக்குப்பதிவு செல்லாது என்று டிசம்பர் 3-ஆம் தேதி சொன்னது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். 26-ஆம் தேதி மறு வாக்குப்பதிவு.

நம்மூரில் அந்தக் காகிதத்துக்குப் பெயர் படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கையெழுத்திட்டு, பூத் ஏஜென்ட்டுகளுக்கு நகல் தர வேண்டும். பதிவான மொத்த ஓட்டு, வாக்கு இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட் எண், பேப்பர் சீல் எண் எல்லாம் அதில் இருக்கும். எண்ணும் நாளில் மேஜைக்கு வரும் இயந்திரத்தோடு இவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடப்பது என்ன? ஏஜென்ட் ஐந்து மணிக்கே பிரியாணியைத் தேடிக் கிளம்பிவிடுவார். செல்போனில் பிடித்த படத்தில் இலக்கம் கலங்கியிருக்கும். அப்புறம் எதை வைத்து மோசடி என்பது?

இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் 7 நாளுக்குள் எழுதிக் கேட்டால், சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்க 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. செலவு கேட்பவருடையது, தில்லுமுல்லு தெரிந்தால் பணம் திரும்பும்.

அடுத்தது உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு. அந்தத் தொகுதியின் வாக்காளராக இருந்தால் நீங்களே போடலாம். டெபாசிட் 2,000 ரூபாய்தான் (வக்கீல் ஃபீஸ் தனிக் கதை). கெடு 45 நாள். தாமதத்துக்கு மன்னிப்புக் கிடையாது. எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை நகல், ஒவ்வொன்றிலும் உண்மை நகல் என்று மனுதாரரே கையெழுத்திட வேண்டும். பல வழக்குகள் இந்த வாசற்படியிலேயே தடுக்கி விழுகின்றன.

உள்ளே போனாலும் நிம்மதியில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வித்தியாசம் 49 ஓட்டு. தள்ளுபடியான தபால் ஓட்டு 203. தபால் ஓட்டுகளையும் கடைசி 3 சுற்றுகளையும் மறுபடி எண்ண உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 அக்டோபர். எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது. 6 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்!

கூடத்தான் வேண்டுமென்றால் அந்த 6 மாதத்தைக் கேட்டுக் கூடுங்கள். மெரினாவுக்கு 2017-க்குப் பிறகு அனுமதி கிடைப்பதில்லை. வள்ளுவர் கோட்டத்துக்கென்றால், 5 நாள் முன்னதாகவே போலீசில் மனு கொடுத்துவிடுங்கள்.