தியாகராஜர் கீர்த்தனைக்கு ஓர் இசை நிறுவனம் உரிமை கோர முடியுமா?

கேள்வி: நான் தனியார் நிறுவனத்தில் கணக்காளராகப் பணிபுரிகிறேன், சிறு வயது முதல் கர்நாடக இசை கற்றவள். தியாகராஜர் கீர்த்தனை ஒன்றை வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினேன். சுருதிக்குக் கைபேசிச் செயலியின் தம்புரா, தாளத்துக்கு இணையத்தில் கிடைத்த மிருதங்கப் பதிவு, வயலின் என் தோழி. ஓர் இசை நிறுவனம் அதற்குப் பதிப்புரிமை கோரியிருக்கிறது. இது தவிர, நானே எழுதி மெட்டமைத்த மூன்று பாடல்களை ஒரு விநியோக நிறுவனத்தின் வழியாக ஸ்பாட்டிஃபை முதலிய தளங்களில் வெளியிட்டேன். ஒன்றரை ஆண்டாகக் கணக்கும் வரவில்லை, பணமும் வரவில்லை. பாடல்களைத் திரும்பக் கேட்டால், “நிபந்தனைகளை ஏற்கிறேன்” என்று நான் சொடுக்கிவிட்டதால் அவை தங்களுக்கே சொந்தம் என்கிறார்கள். நான் என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒரு பாட்டு என்பது சட்டத்தின் பார்வையில் ஒரே சொத்து அன்று. பதிப்புரிமைச் சட்டம், 1957, சாகித்தியத்துக்கு, அதாவது பாடல் வரிகளுக்கு, ஓர் உரிமையையும், இசைக்கு வேறோர் உரிமையையும், ஒலிப்பதிவுக்கு மூன்றாவதாக ஓர் உரிமையையும் வழங்குகிறது; பாடியவருக்கும் வாசித்தவருக்கும் உள்ள நிகழ்த்துநர் உரிமை இவற்றுக்கு அப்பாற்பட்டது. ஆகவே, யார் உரிமை கோரினாலும், இவற்றில் எதன் மீது கோருகிறார் என்பதையே நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். உங்களுடைய இரண்டு சிக்கல்களுக்கும் விடை அங்கேதான் தொடங்குகிறது.

சாகித்தியத்துக்கும் இசைக்கும் உள்ள பதிப்புரிமை, ஆசிரியரின் ஆயுட்காலமும், அவர் மறைந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கும். தியாகராஜர் மறைந்தது 1847-இல். அவருடைய கீர்த்தனைகள் மீது இன்று எந்த நிறுவனத்துக்கும் தனியுரிமை கிடையாது. அந்த இசை நிறுவனத்திடம் இருக்கக்கூடியது, தான் வெளியிட்ட குறிப்பிட்ட ஒலிப்பதிவின் மீதான உரிமை மட்டுமே. அதே கீர்த்தனையை, அதே ராகத்தில், அதே சங்கதிகளோடு (ஒரே வரியைப் பாடும் இசை மாறுபாடுகளோடு) நீங்கள் உங்கள் குரலில் பாடியிருந்தால் அந்த உரிமை மீறப்பட்டதாகாது. அவர்களுடைய பதிவையே எடுத்து உங்கள் பதிவில் சேர்த்திருந்தால்தான் மீறல். கர்நாடக இசை என்றாலே எல்லாம் பொதுச் சொத்து என்று எண்ணிவிட வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல் என்பதால், அவருடைய பாடல்களுக்கு 2033-ஆம் ஆண்டு முடியும் வரை பதிப்புரிமை உண்டு. பழைய கீர்த்தனையிலும் பிற்காலத்தவர் ஒருவர் அமைத்துச் சேர்த்த சிட்டைஸ்வரத்தை (முன்பே அமைக்கப்பட்ட ஸ்வரப் பகுதியை) பாடினால், அந்தப் பகுதிக்குத் தனியாக உரிமை இருக்க வாய்ப்புண்டு.

அப்படியானால் அவர்கள் எப்படி உரிமை கோரினார்கள்? பெரும்பாலும் மனிதர் யாரும் உங்கள் பாட்டைக் கேட்டிருக்க மாட்டார்கள். நிறுவனங்கள் கொடுத்து வைத்திருக்கும் பதிவுகளோடு புதிதாக ஏறும் ஒவ்வொரு காணொளியையும் யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை ஒப்பிட்டுப் பார்க்கிறது. யூடியூப் ஸ்டுடியோவில் அந்த உரிமைக்கோரலைத் திறந்தால், உங்கள் பதிவின் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை ஒத்திருப்பதாகச் சொல்கிறார்கள் என்பது காட்டப்படும். அந்தப் பகுதியை ஹெட்ஃபோன் வைத்துக் கேளுங்கள். நீங்கள் பாடத் தொடங்குவதற்கு முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் இடமோ, மிருதங்கம் தனித்து வாசிக்கும் இடமோ சுட்டப்பட்டிருந்தால், காரணம் தெரிந்துவிடும்: அதே செயலியையோ அதே மிருதங்கப் பதிவையோ பயன்படுத்திய வேறொருவரின் வெளியீட்டோடு உங்களுடையது ஒத்துப்போயிருக்கிறது. அந்த மிருதங்கப் பதிவை எங்கிருந்து எடுத்தீர்கள், அதன் உரிம நிபந்தனை என்ன என்பதை இப்போதே தேடி எடுத்து, தேதியுடன் சேமித்து வையுங்கள். உரிமம் எதுவும் இல்லாத பதிவு என்று தெரியவந்தால் மறுப்புத் தெரிவிக்காதீர்கள். ஒரு மிருதங்கக் கலைஞரை வாசிக்கச் சொல்லிப் புதிதாகப் பதிவுசெய்து ஏற்றுவதே நேர்மையும் பாதுகாப்பும் ஆகும்.

உரிமம் முறையாக இருந்தாலோ, சுட்டப்பட்டது உங்கள் குரல் ஒலிக்கும் பகுதியாக இருந்தாலோ, தயங்காமல் மறுப்புத் தெரிவியுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. உரிமை கோரியவர் 30 நாட்களுக்குள் பதிலளிக்காவிட்டால் கோரிக்கை தானாக நீங்கிவிடும். உங்கள் சேனலுக்கு விளம்பர வருவாய் உண்டென்றால், கோரிக்கை வந்த 5 நாட்களுக்குள் மறுப்பது நல்லது. அப்படி மறுத்தால், முதல் நாளிலிருந்தே அந்த வருவாய் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். அவர்கள் மறுப்பை நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு அவர்கள் 7 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தில் அவர்கள் முறைப்படி நீக்கக் கோரினால் காணொளி நீக்கப்பட்டு உங்கள் சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக் (விதிமீறல் எச்சரிக்கை) விழக்கூடும் என்பதையும், 90 நாட்களில் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலையே இழக்க நேரிடலாம் என்பதையும் அறிந்தே மேல்முறையீட்டுக்குச் செல்லுங்கள். நிறுவனம் தளத்துக்கு வெளியே உங்களுக்குக் கடிதம் எழுதி, வழக்குத் தொடுப்போம் என்று ஆதாரமின்றி மிரட்டினால், சட்டத்தின் 60-ஆம் பிரிவின் கீழ் நீங்களே நீதிமன்றத்தை அணுகி, அந்த மிரட்டலுக்குத் தடையும், இழப்பு ஏற்பட்டிருந்தால் ஈடும் கேட்கலாம்.

இனி உங்கள் சொந்தப் பாடல்கள். இதுவே எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. கீர்த்தனை விஷயத்தில் நீங்கள் இழக்கக்கூடியது ஒரு காணொளி, இங்கே உங்கள் படைப்பு. ஸ்வரப்படுத்தி எழுதி வைக்காவிட்டாலும் மெட்டு உங்களுடையதே. பதிப்புரிமைப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பதிந்தால் அது முதல்நோக்குச் சான்றாக (மாறாக நிரூபிக்கப்படும் வரை ஏற்கப்படும் சான்றாக) உதவும், அவ்வளவே.

“சொடுக்கினீர்கள், எனவே எங்களுக்குச் சொந்தம்” என்ற வாதம் சட்டத்தின் முன் எளிதில் நிற்காது. பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பதற்கு, 19-ஆம் பிரிவின்படி, உரிமையாளரோ அவருடைய முகவரோ கையொப்பமிட்ட எழுத்து ஆவணம் தேவை. எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன ராயல்டி என்பவை அதில் இருக்க வேண்டும். ஒரு பொத்தானைச் சொடுக்கியது அத்தகைய கையொப்பம் ஆகாது என்று வலுவாக வாதிட முடியும். ஆனால், பாடல்களை விநியோகிக்கத் தரப்படும் உரிமம் வேறு. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமத்துக்கு எழுத்து வடிவம் இருந்தால் போதும், கையொப்பம் வேண்டியதில்லை. மின்னணு வடிவில் ஏற்ற ஒப்பந்தமும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன்படி செல்லும். ஆக, அவர்கள் உரிமையாளர்கள் அல்லர் என்றாலும், உரிமம் பெற்றவர்களாக இருக்கலாம். அந்த உரிமத்தின் காலம் எங்கும் சொல்லப்படவில்லை என்றால் அது 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு சொல்லப்படவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. உரிமையையே மாற்றிக் கொடுத்ததாக வைத்துக்கொண்டாலும், பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை அந்த நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது; விட்டுக்கொடுத்ததாக எழுதப்பட்ட விதி செல்லாது என்று 18-ஆம் பிரிவு கூறுகிறது.

எனவே, நீங்கள் ஏற்ற நாளில் இருந்த நிபந்தனைகளின் நகலை முதலில் தேடுங்கள். பதிவுசெய்தபோது வந்த மின்னஞ்சலில் அது இருக்கக்கூடும். அதில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் விதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் கணக்கில் ஒவ்வொரு பாடலும் எத்தனை முறை கேட்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 12 மாதங்களில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு அந்தத் தளம் 2024 முதல் பணம் தருவதில்லை. பணம் வராததற்கு இதுவே காரணமாக இருந்தால் நிறுவனத்தைக் குறை கூற இயலாது. கணக்குத் தராததற்கு அது காரணமாகாது. கணக்கு விவரத்தை 15 நாட்களுக்குள் தர வேண்டும், தவறினால் ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்படும், பாடல்களை எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்க வேண்டும் என்று மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலிலும் எழுதுங்கள். நீக்கும் முன் ஒவ்வொரு பாடலின் ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி குறியீட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். புதிய விநியோக நிறுவனத்தில் அதே குறியீட்டுடன் ஏற்றினால், பாடல் இதுவரை கேட்கப்பட்ட எண்ணிக்கை தொடர வாய்ப்புண்டு.

பதில் வராவிட்டால் எங்கே போவது? அந்த நிறுவனத்துக்கு நீங்கள் ஆண்டுக் கட்டணம் செலுத்தியிருந்தால், தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுப் புகார் அளிப்பதையே நான் பரிந்துரைப்பேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் அளிக்க அனுமதிக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணமும் இல்லை. இது வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். வேறு வேலையில் இருந்துகொண்டு ஆர்வத்துக்காகப் பாடுபவர் நீங்கள் என்பதை அங்கே எடுத்துச் சொல்ல வேண்டும். கட்டணமின்றி வருவாயில் பங்கு என்ற ஏற்பாடாக இருந்தால், உரிமையியல் வழக்கே வழி.

விநியோக நிறுவனத்தின் வழியாக வருவது ஒலிப்பதிவுக்கான பங்கு. பாடலை எழுதி இசையமைத்தவர் என்ற முறையில் உங்களுக்குரிய பங்கைத் திரட்டித் தருவது ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கம். அதில் உறுப்பினராகி மூன்று பாடல்களையும் பதிந்துவிடுங்கள்.

கீர்த்தனைக்கு வயலின் வாசித்த உங்கள் தோழிக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு என்பதால், அந்தப் பதிவில் வாசிக்கவும் அதை இணையத்தில் வெளியிடவும் சம்மதித்ததையும், வருவாய் வந்தால் அவருக்கு என்ன பங்கு என்பதையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.