போர்ப் படமா, போர்த் தொடரா? என் ஓட்டு தொடருக்கு

போர்ப் படங்கள், போர்த் தொடர்கள் இரண்டிலும் உங்களுக்குப் பிடித்தவை எவை, எது மேல் என்பது கேள்வி.

நான் தொடர் கட்சி. போரில் சுடுவது கொஞ்ச நேரம்தான், சும்மா கிடப்பதுதான் அதிகம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு அதைக் காட்டப் பொறுமை கிடையாது.

1998இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில் அமெரிக்கப் படை பிரான்சின் ஒமாஹா கடற்கரையில் இறங்கும் காட்சியை மிஞ்ச இன்னும் ஆள் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு வருவது வழக்கமான சாகசக் கதைதான். அந்தப் படத்தை இயக்கிய ஸ்பீல்பெர்க்கும் அதில் நடித்த டாம் ஹாங்க்ஸும் சேர்ந்து 2001இல் தயாரித்த 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' பத்து எபிசோடு. அதில் ஆறாவதை மட்டுமாவது பாருங்கள். 1944 டிசம்பர், பெல்ஜியத்தில் பாஸ்டோன் ஊரை ஜெர்மன் படை சுற்றி வளைத்திருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சிப்பாய் யூஜின் ரோ பனியில் ஒவ்வொரு பதுங்குகுழியாகப் போய், வலிக்குப் போடும் மார்ஃபின் ஊசி இருக்கிறதா, கத்தரிக்கோல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். கடைசியில் ஒரு நர்ஸின் நீலத் தலைத்துணியைக் கிழித்துக் கட்டுப் போடுவான். ஒரு கத்தரிக்கோலுக்காக இவ்வளவு நேரம் அலைய விடும் தைரியம் எந்தப் படத்துக்கு உண்டு?

2010இல் வந்த 'தி பசிபிக்' தொடர் அதைவிடக் கொடூரமானது. ஆனால் மூன்று பேர் கதையும் தனித்தனியே ஓடுவதால் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. '1917' படம் கேமரா வித்தை, ஒருமுறை பார்க்கலாம்.

என் வாதத்துக்கு நல்ல சாட்சி 'தாஸ் பூட்'. இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் கதை. 1981இல் தியேட்டருக்கு வந்தது சுமார் இரண்டரை மணி நேரம். அதே படப்பிடிப்பிலிருந்து டிவிக்கு வெட்டியது ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நீளமானதுதான் நல்லது. ஐம்பது பேருக்கு ஒரே கழிப்பறை, இன்னொன்றில் சாப்பாட்டு மூட்டை. எதிரியே வராமல் நாட்கள் ஓடும், ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். இதையெல்லாம் பார்த்த பிறகு தலைக்கு மேல் வெடிகுண்டு இறங்கும்போது நமக்கும் மூச்சு முட்டுகிறது. சென்னை காசிமேட்டில், நாள் கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகுக்குள் ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்த டீசல் வாடையும் காயாத துணியும் பழக்கம்தான். அப்படி ஒரு போட்டில் டிரைவராக இருக்கும் என் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். "கடல்லயும் இதே, வூட்லயும் இதேவா? நிறுத்துப்பா" என்றார். அதைவிட நல்ல விமர்சனம் எழுத எனக்கு வராது.

விதிவிலக்கு ஒன்று உண்டு: 2017இல் வந்த, இயக்குநர் நோலனின் 'டன்கர்க்'. ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் காத்திருப்பை மட்டுமே காட்டுகிறது. 1940இல் ஜெர்மன் படை நெருக்க, பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து மீட்கப்பட்ட நேச நாட்டுச் சிப்பாய்கள் சுமார் 3,38,000 பேர். படத்தில் அவர்களை மீட்கச் சொந்தப் படகை எடுத்துக்கொண்டு போகும் பெரியவரைப் பார்த்தபோது, 2015 வெள்ளத்தில் எங்கள் பக்கத்து மீனவர்கள் தெருவுக்குள் படகு விட்டதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் ஒரு குறை. 1957இல் வந்து ஏழு ஆஸ்கார் வாங்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' பெரிய படம்தான், இலங்கையில்தான் எடுத்தார்கள். அதில் பாலம் கட்டுவதெல்லாம் பிரிட்டிஷ் கைதிகள். உண்மையில் இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் போட்ட அந்த சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா ரயில் பாதையில் நேச நாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள் என்றால், ஆசியக் கூலிகள் 90,000 பேர்வரை செத்திருக்கலாம் என்கிறார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அதில் ஏராளம். படத்தில் அவர்களைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள்.

இதைத் தொடராக எடுக்க வேண்டியது நாம்தான். ரயில் பாதை வேண்டாம், செலவு அதிகம் என்றால் நடைப்பயணம் இருக்கிறது. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்ட பிறகு, லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவின் மேற்குக் கரையான அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே திரும்பினார்கள். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் வியாசர்பாடியில் இன்றும் இருக்கின்றன. கதை கேட்க ஓடிடிகாரர்கள் விமானம் ஏற வேண்டியதில்லை, ஒரு ஷேர் ஆட்டோ போதும்.