மாதவிடாய் முடிந்த மறுநாள் கரு தங்குமா? எனக்குத் தங்கியது

"மாதவிடாய் நின்ற மறுநாள் சேர்ந்தோம். அது பாதுகாப்பான நாள்தானே, கரு தங்க வாய்ப்பு இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்ற நிலையில் பயந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு அன்று வாய்ப்பு குறைவு. ஆனால் தங்கவே தங்காது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. என் இரண்டாவது மகள் அப்படி உண்டானவள்தான்.

நான் மருத்துவர் இல்லை. எனக்கு நடந்ததையும், அதன் பிறகு கேட்டும் படித்தும் உறுதிப்படுத்திக்கொண்டதையும் மட்டுமே சொல்கிறேன். இதையெல்லாம் பொதுவில் எழுத வேண்டுமா என்று நினைப்பவர்கள் கடந்து போய்விடுங்கள். வீட்டில் யாரும் வாய் திறந்து பேசாத விஷயம் என்பதால்தான் நான் அவ்வளவு பட்டேன்.

கணவருக்கு வெளியூரில் வேலை. அந்த முறை அவர் விடுப்பில் வந்தபோது எனக்கு மாதவிடாய். நின்ற மறுநாள் சேர்ந்திருந்தோம். அடுத்த நாளே அவர் கிளம்பிவிட்டார். பிறகு நாள் தள்ளிப்போய், ஸ்கேன் எடுத்தபோது ஏழு வாரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை என் கையில் கொடுக்கவில்லை. துணைக்கு வந்த நாத்தனாரிடம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் நாட்காட்டியின் தாளைப் பின்னால் புரட்டி, ஒவ்வொரு வரிசையாக விரலை நகர்த்தி எண்ணிக்கொண்டே போனார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். "ஏழு வாரத்துக்கு முன்னாடி தம்பி இங்க வரவே இல்லையேம்மா. அதுவும் குளிச்ச மறுநாளெல்லாம் எங்க தங்கும்?" என்றார். மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த தடவை டாக்டரிடம் தனியாகத்தான் போனேன். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டு விளக்கினார். முதலில் அந்த ஏழு வாரம். கர்ப்ப வாரத்தைக் கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவதே இல்லை; கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து சொல்கிற வாரமும் அதே கணக்குதான், அதுவும் 28 நாள் சுழற்சி, அதாவது ஒரு மாதவிடாய் தொடங்கி 28 நாளில் அடுத்தது தொடங்கும் என்று வைத்துக்கொண்டு. ஆக, ஏழு வாரம் என்று எழுதியிருந்தால் கரு உண்டாகி ஏறக்குறைய ஐந்து வாரம்தான் ஆகியிருக்கும். இந்த ஒரு விவரம் தெரியாமல் எத்தனை பெண்கள் தலைகுனிந்து நின்றிருப்பார்களோ.

அடுத்தது, நீங்கள் கேட்ட விஷயம். மாதவிடாய் தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணினால், கருமுட்டை வெளிவருவது எல்லோருக்கும் 14ஆம் நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முட்டை வந்ததிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையிலான காலம்தான் ஏறக்குறைய 14 நாள். ஆளுக்கு ஆள் சற்று மாறினாலும் இந்தப் பின்பாதி பெரிதாக ஆடாது. கூடிக் குறைவதெல்லாம் முன்பாதிதான். 28 நாள் சுழற்சிக்காரருக்கு 14ஆம் நாளை ஒட்டி முட்டை வரும். 35 நாள்காரருக்கு 21ஐ ஒட்டி. எனக்குச் சுழற்சி குறுகியது, 24 நாளிலேயே வந்துவிடும். அப்படியானால் 10ஆம் நாள் வாக்கிலேயே முட்டை தயார். முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணுவோ கருப்பைவாய்த் திரவம் சாதகமாக இருந்தால் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். எனவே 5ஆம் நாளிலிருந்தே எனக்கு வாய்ப்பு தொடங்கிவிடுகிறது. கணவரோடு சேர்ந்திருந்தது அந்த நாட்களுக்குள்தான்.

1995இல் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 221 பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. முட்டை வெளிவரும் நாளோடு சேர்த்து அதற்கு முந்தைய ஐந்து நாட்கள், இந்த ஆறு நாளில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கரு தங்கியிருந்தது. ஐந்து நாள் முன்னால் என்றால் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு, முட்டை வரும் நாளில் மூன்றில் ஒரு பங்கு. அதே குழு 2000இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில், வழக்கமாகச் சொல்லப்படும் 10 முதல் 17ஆம் நாளுக்குள் இந்த ஆறு நாளும் முழுசாக அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்குத்தான் என்று இருக்கிறது. "எனக்குப் பல வருஷமாக நாள் கணக்குதான், ஒன்றும் ஆகவில்லை" என்று இங்கே யாராவது எழுதுவார்கள். உங்கள் சுழற்சி மாறாமல் வந்திருக்கலாம், சந்தோஷம். அதை அடுத்தவருக்கு விதியாக்காதீர்கள்.

கணவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. "எனக்குத் தெரியும், விடு" என்று போனில் சொன்னார். அதையே அவருடைய அக்காவிடம் சொல்லச் சொன்னேன். கடைசிவரை சொல்லவில்லை. அதைத்தான் இன்றும் என்னால் விட முடியவில்லை. டாக்டர் போட்ட கோட்டை மாமியாரிடம் நானே காட்டி நானே விளக்கினேன். என் மானத்துக்கு நானே வக்கீலாக நிற்க வேண்டியிருந்தது. நோயாளி எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது அவள் உடம்பைப் பற்றிய காகிதத்தைக் கூட வந்தவரிடம் நீட்டுகிற பழக்கத்தை மருத்துவமனைகள் என்றைக்குத்தான் விடுமோ தெரியவில்லை. இதைக் கேள்விக்குச் சம்பந்தமில்லாத புலம்பல் என்பீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடந்த ஆறேழு மாதத் தேதிகளை எழுதிப் பாருங்கள். மிகக் குறைந்த சுழற்சி 25 நாளோ அதற்கும் குறைவோ என்றால் நீங்கள் சொல்லும் நாள் பாதுகாப்பானதில்லை. காய்ச்சல், மன உளைச்சல், தூக்கமின்மை இவற்றால் முட்டை வரும் நாள் தள்ளிப்போகலாம் என்பதால் செயலி காட்டும் நாளும் ஊகம்தான். வெள்ளைப்படுதல் முட்டை வெண்கரு மாதிரி வழுவழுப்பாக, விரலில் இழுத்தால் நூல்போல நீள ஆரம்பித்தால் முட்டை வரும் சமயம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

சேர்ந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் இன்றே டாக்டரிடம் போய் அவசரக் கருத்தடை மாத்திரை பற்றிக் கேளுங்கள்; எவ்வளவு சீக்கிரம் போடுகிறீர்களோ அவ்வளவு பலன். ஐந்து நாளுக்குள் என்றால் காப்பர் டி பொருத்திக்கொள்ளவும் வழி உண்டு. அதுவும் தாண்டிவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும் வரை பொறுத்து, அப்போது சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். 'இல்லை' என்று வந்தும் மாதவிடாய் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். வழக்கத்தைவிடக் குறைவாக, கறைபோல மட்டும் பட்டாலும் பார்த்துவிடுங்கள். அது மாதவிடாயாக இல்லாமலும் இருக்கலாம்.